மக்கள்தொகை பெருக்கத்துக்கு நெல் ஈடுகொடுக்குமா?

கேள்வி (மன்னார்குடி): மக்கள்தொகை உணவு விளைச்சலை மிஞ்சிவிடும் என்று ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் மால்தஸ் 1798-இல் எழுதியது இனியேனும் பலித்துவிடுமோ என்ற அச்சம், வயல்கள் மனைகளாவதைப் பார்க்கும்போது எழுகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில் (ஆடுதுறை): ஐயா, அன்று ஏறத்தாழ 100 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022-இல் 800 கோடியைத் தொட்ட பின்னும் விளைச்சல் ஈடுகொடுப்பதற்கு, செயற்கை உரமும் பாசனமும், 1960-களில் எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27 போன்ற நெல் ரகங்களுமே காரணம். தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூடப் பிறப்பதில்லை.

பதில் (தலைஞாயிறு): கடைமடையில் நிலைமை வேறு. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தாலும் வாய்க்காலின் கடைசிவரை தண்ணீர் வராவிட்டால் நாற்றங்கால் வெடித்துவிடும். உப்பேறிய நிலத்தடி நீரை இறைத்துப் பாய்ச்சினாலோ இலைநுனி கருகிவிடும். ஆகவே, ரகம் எவ்வளவு சிறந்ததாயினும் தண்ணீர்தான் முதல் கவலை என்பது என் உறுதியான கருத்து.