ஹாலிவுட் நடிகர் எரால் ஃபிளின் போன வழியில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கப்பல்காரன்:
ஜமைக்கா, போர்ட் ஆன்டோனியோ. ரியோ கிராண்டே ஆற்றில் மூங்கில் தெப்பச் சவாரி. ஃபிளின் ரசிகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். உல்லாசத்துக்கென்றே பிறந்த மனிதர் கண்டுபிடித்த பொழுதுபோக்கு. நடுவழியில் ஆழமான, அசையாத ஓர் இடம் வந்தது. தெப்பக்காரர் கழியைத் தூக்கிக் குறுக்கே வைத்தார். அதன் நுனியிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. "எங்கள் தாத்தா இப்படித்தான் வாழைத்தார் ஏற்றிப் போவார். ஃபிளின் வந்த பிறகுதான் ஆட்களை ஏற்றினோம்" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "அவருக்கும் இதே இடத்தில் காய்த்திருக்கும்." நானோ, ஃபிளின் எந்த வீட்டில் இருந்தார் என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். அவ்வளவு தூரம் என்னைக் கொண்டுபோனவர் பெயரைக் கேட்கவே இல்லை. ஆறு வருடமாகிறது, இன்னும் உறுத்துகிறது.

பாய்மரம்:
மொனாக்கோவில் ஃபிளினின் பாய்மரப் படகு 'சாக்கா'வை நேரில் பார்த்தேன். 118 அடி. 1930-ல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் கட்டியது, ஃபிளின் 1946-ல் வாங்கியது. அவர் இறந்த பிறகு பிரெஞ்சுக் கரையில் பல வருடம் மக்கிக் கிடந்த படகு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேல்தளத்தில் ஒருவர் பித்தளைப் பூண் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊதுவார், தேய்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கப்பல்காரன் சார், "உல்லாசத்துக்கென்றே பிறந்தவர்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வாங்கிய அதே வருடம் ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்து ஆட்களை அந்தப் படகில் ஏற்றி மெக்சிகோக் கரைக்குப் போனவர் அவர். கூட வந்தவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். அப்பா கடல் உயிரியல் பேராசிரியர். வெறும் கூத்தாடியாக இருந்தால் இதெல்லாம் எதற்கு?

ஹோபார்ட்வாசி:
அப்பா வேலை பார்த்தது எங்கள் ஊரில்தான், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில். மகன் 1909-ல் பிறந்ததும் இங்கேதான். ஹாலிவுட்டில் ஸ்டூடியோக்காரர்கள் அவரை அயர்லாந்துக்காரர் என்று விளம்பரம் செய்தார்கள். சாண்டி பே கடற்கரையில் அவர் பெயரில் உள்ள பூங்காவில் ஒரு பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐரிஷ் நடிகர்தானே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கைத்தடியால் தண்ணீரைக் காட்டி, "அவன் இந்தத் தண்ணீர்ப் பையன்" என்றார். குரல் நடுங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் திரும்பவே இல்லை.

மழைமேகம்:
நானும் அந்த ஆற்றுக்குப் போனேன். வெள்ளம், தெப்பம் விடவில்லை, திரும்பினேன். அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். ஆறு நீல மலையில் பிறக்கிறது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் தண்ணீர் ஏறிவிடும், அதனால் முந்தின நாளே விசாரியுங்கள். விமானத்தில் வந்தால் 'மான்டிகோ பே' நகரில் இறங்காதீர்கள், கிங்ஸ்டன்தான் கிட்டம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மூங்கில் இடுக்கு வழியே தண்ணீர் வரும். தொப்பி கட்டாயம். சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். தெப்பக்காரருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிப் போங்கள். அப்புறம், போவதற்கு முன் 1935-ல் வந்த ஃபிளின் படம் 'கேப்டன் பிளட்' பார்த்துவிடுங்கள். கதை நடப்பது ஜமைக்காவின் போர்ட் ராயலில்.

பாய்மரம்:
படம் எடுத்தது கலிஃபோர்னியாவில், மேகம். அதைப் பார்த்து ஜமைக்காவைத் தெரிந்துகொள்ள முடியாது.

மேற்குக்கரை:
கலிஃபோர்னியாவில் கிளெண்டேல் மயானத்தில் ஃபிளின் கல்லறைக்குப் போனேன். 1959-ல் கனடாவின் வான்கூவரில் இறந்தார், 50 வயதுதான். சுற்றிலும் புல்வெளி. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இடம். பையில் கொண்டுபோயிருந்த ஒரு சிப்பியை வைத்தேன். புல் வெட்டுகிறவர் வந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கப்பல்காரன்:
பாய்மரம் சொன்னது சரி, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கப்பல் கிங்ஸ்டனில் நிற்கும். ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறேன். யாராவது அதற்கு முன் அங்கே போனால் தெப்பத்துறையில் விசாரியுங்கள். ஒல்லியான ஆள், முன்பல் ஒன்று இல்லை, வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே நீளமான காய்ப்பு.