மறு: ‘சென்சஸ் டவுன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இழையில் நேற்றுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணைகளைத் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று எழுதிக்கொண்டே வந்தவன் ‘சி.டி.’ (சென்சஸ் டவுன்) என்ற குறி வந்த இடத்தில் நின்றுவிட்டேன். தமிழ்நாட்டில் மட்டும் அப்படி 376 ஊர்கள். அதனால் இந்தச் சொல் எனக்கு இன்றைக்கே வேண்டும்.

சிலர் வரையறையைக் கேட்டிருந்தீர்கள். ஓர் ஊருக்கு மூன்று சோதனை வைக்கிறார்கள்: மக்கள்தொகை 5,000 ஆவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும், ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்கிற ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். (பெண்களின் வேலையை ஏன் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு, அதைத் தனி இழையில் பேசுவோம்.) இந்த மூன்றிலும் தேறியும், நகராட்சி என்றோ பேரூராட்சி என்றோ அரசு அறிவிக்காத ஊர்தான் சென்சஸ் டவுன். புள்ளிவிவரத்தில் அது நகர்ப்புறம். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சித் தலைவரிடம்தான் போக வேண்டும்.

இது ஏதோ ஓரத்தில் கிடக்கிற வகை என்று நினைக்க வேண்டாம். 2001இல் நாடு முழுக்க 1,362 இருந்தவை 2011இல் 3,894 ஆயின. தமிழ்நாட்டில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட நகரங்கள் இரண்டு கணக்கெடுப்பிலும் அதே 721தான், இவை மட்டும் 111இலிருந்து 376க்குப் போயின. கேரளத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவு. அங்கே அறிவிக்கப்பட்ட நகரங்கள் 60இலிருந்து 59 ஆயின, இவையோ 99இலிருந்து 461 ஆயின. கேரளத்தின் நகர மக்கள் பங்கு பத்தே ஆண்டில் 26 விழுக்காட்டிலிருந்து 47.7க்குத் தாவியதற்குப் பெரும் காரணம் இந்த ஊர்கள்தான். இந்த வகைக்கு ஒரு பெயர் இல்லாமல் அந்த மாற்றத்தைத் தமிழில் விளக்கவே முடியாது.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாமே

எழுதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தெரியாதவர் காதில் அது கணக்கெடுப்பு நடந்த நகரம் என்றுதான் விழும். கணக்கெடுப்பு எல்லா ஊரிலும்தானே நடக்கிறது. இன்னொன்று, 2011க்கான பட்டியலை அந்தக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு தயாரிக்கவில்லை. 2001இல் 4,000 பேருக்குக் குறையாமல் இருந்த ஊர்களை (2011க்குள் 5,000ஐத் தொட்டுவிடும் என்ற எதிர்பார்ப்பில்) எடுத்து, அடர்த்தியையும் தொழிலையும் அந்தப் பழைய புள்ளிவிவரத்திலேயே பார்த்து, முன்கூட்டியே குறித்துவிட்டார்கள். ஆகவே ‘எண்ணிப் பார்த்ததில் தெரியவந்த நகரம்’ என்று பொருள் சொல்லியும் இந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாது.

> சுருக்கமாகக் ‘கணக்கு நகரம்’

இதில் எனக்குப் பயம் உண்டு. ‘கணக்குக்கு நகரம், மற்றபடி கிராமம்’ என்ற தொனி வந்துவிடும். உண்மை நேர் தலைகீழ். வாழ்க்கையில் நகரம், ஆட்சி ஏட்டில்தான் கிராமம். ஆட்சி ஏட்டுப் பெயர் எவ்வளவு எளிதாக மாறும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி: 2004இல் 500க்கு மேற்பட்ட பேரூராட்சிகளை, ஊரக நிதி கிடைக்கட்டும் என்று சிறப்புச் சிற்றூராட்சிகளாக்கினார்கள், 2006இல் மறுபடி பேரூராட்சிகளாக்கினார்கள். அந்த இரண்டு ஆண்டில் கடைத்தெருவோ பேருந்து நிலையமோ மாறிவிடவில்லை.

> ‘ஊராட்சி நகரம்’

முதலில் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். ஊராட்சியின் கீழ் இருக்கும் நகரம், எவ்வளவு நேரடியாக இருக்கிறது! அப்புறம்தான் தில்லி நினைவுக்கு வந்தது. 2011இல் தில்லியில் இந்த வகை ஊர்கள் 110, அங்கே கிராம ஊராட்சிகளே கிடையாது. அதோடு ‘பேரூராட்சி’க்கு மிக அருகில் ஒலிக்கிறது, அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் தடுமாறும். மனமில்லாமல்தான் இதைத் தள்ளிவைக்கிறேன்.

> எங்கள் பக்கத்து வழக்கில் ‘தொகைமதிப்பு நகரம்’

இலங்கை நண்பர் சொன்ன இது அழகான சொல், அங்கே கணக்கெடுப்பு நடத்தும் திணைக்களத்தின் (அரசுத் துறையின்) பெயரிலேயே தொகைமதிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் மதிப்பு என்றால் விலையோ மரியாதையோதான் முதலில் மனத்தில் வரும் என்பதுதான் தயக்கம். ஆனால் அவர் மடலில் என்னை உட்கார்ந்து யோசிக்கவைத்தது வேறொன்று. இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம். 1987இல் பட்டின சபைகள் ஒழிந்து பிரதேச சபைகளுக்குள் போனபோது அந்த ஊர்களெல்லாம் புள்ளிவிவரத்தில் கிராமமாகிவிட்டன. 1981இல் 21.5 விழுக்காடாக இருந்த நகர மக்கள் பங்கு 2012இல் 18.2 ஆனது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ‘இலங்கையில் நகரங்கள் தேய்கின்றன’ என்று ஒருவர் கட்டுரை எழுதினால் அது முழுத் தவறு. அங்கே இந்தியாவில் உள்ளதுபோல் ஒரு நடு வகை இல்லை, ஆனால் அந்த ஊர்களைப் பற்றிப் பேச ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

அதனால் சொல் இரண்டு நாட்டுக்கும் பொருந்த வேண்டும், யார் எண்ணினார்கள், யார் ஆள்கிறார்கள் என்பதை விட்டு, ஊரிடம் என்ன இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. என் பரிந்துரை ‘தகுதி நகரம்’. நகரத்துக்கான தகுதியில் தேறிய ஊர். அறிவிக்கப்பட்டவற்றுக்குச் ‘சட்ட நகரம்’. “2011இல் தமிழ்நாட்டில் 721 சட்ட நகரங்களும் 376 தகுதி நகரங்களும் இருந்தன” – வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எனக்கு இடறவில்லை. ‘தகுநகர்’ என்று சுருக்கலாமா என்றும் பார்த்தேன், ஆனால் நகர் என்றாலே இன்று அண்ணா நகர், காந்தி நகர் மாதிரிக் குடியிருப்புப் பகுதிதான் நினைவுக்கு வரும், நகரம் என்று முழுதாக இருப்பதே நல்லது.

இதற்கும் ஒரு மறுப்பு வரலாம்: தகுதி என்றால் பாராட்டுப் போல, பட்டம் கொடுப்பது போல இருக்கிறதே என்று. இருக்கட்டும் என்கிறேன். அந்த ஊர்களுக்குச் சாக்கடையும் கட்டட ஒழுங்கும் குப்பை வண்டியும் நகரத்தின் அளவில் சேர வேண்டும் என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பும். அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. அந்த அட்டவணைகள் வெளிவரும்போது செய்தித்தாள்கள் ‘சென்சஸ் டவுன்’ என்றே போட்டுவிடும் முன் நாம் ஒன்றில் உறுதியாக நின்றுவிட வேண்டும்.

மறுப்புகளை எழுதுங்கள், முடிந்தால் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள், தனிச்சொல்லாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இதே அட்டவணையில் ‘அவுட்குரோத்’ என்று அடுத்த வகை நிற்கிறது, நகர எல்லையை ஒட்டி வெளியே வளர்ந்த பகுதி. ‘புறவளர்ச்சி’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்