சேவை கற்பிக்கிறோமா, பணிந்துபோகக் கற்பிக்கிறோமா?

கேள்வி (ஆசிரியை, திருப்பூர்):
அனைவருக்கும் வணக்கம். அருட்சகோதரியர் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவியரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் மகள்கள், கத்தோலிக்கர் சிலரே. மரியாதை, சமத்துவம், சேவை ஆகிய மூன்றையும் காலை வழிபாட்டில் நாள்தோறும் சொல்கிறோம். சென்ற மாதம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பெயர் கேட்டபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "வீட்ல அண்ணன் தட்டையும் நாந்தானுங்க கழுவறேன், இங்கயும் வந்து எதுக்குங்க கூட்டோணும்?" என்று கேட்டாள். அதட்டி உட்கார வைக்க மனம் வரவில்லை; சரியான பதிலும் அகப்படவில்லை. வீட்டில் ஓய்வின்றி உழைக்கும் பெண்ணிடம் சேவையைப் பற்றி எவ்வாறு பேசுவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர், கருமத்தம்பட்டி):
அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. பெரிய வியாழனன்று கோவில்களில் நடக்கும் காலடி கழுவும் சடங்கை எண்ணிப் பாருங்கள். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் கழுவுகிறவர் குருவாகிய இயேசு. கழுவப்படுவது சீடர்களின் கால்கள். மேலே இருப்பவர் விரும்பிக் குனிவதே அங்கே சேவை எனப்படுகிறது. ஏற்கெனவே குனிந்திருப்பவளை மேலும் குனியச் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அச்சடங்கில் பெண்களின் காலடிகளையும் கழுவலாம் என்ற அனுமதியே திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2016 ஜனவரியில்தான் வந்தது என்பதையும் மாணவியருக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆகவே, துடைப்பத்தை முதலில் ஆசிரியர்கள் எடுக்கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். எதிரே நிற்பவர் சிறுவராயினும் 'வாங்க, போங்க' என்று பேசுவதைப் பெருமையாகக் கருதும் நம் கொங்கு மண்ணில், பள்ளியைக் கூட்டும் அம்மாவை மட்டும் 'வா, போ' என்று அழைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தாத பள்ளியில் மரியாதையைப் பற்றிய காலை உரைக்குப் பயனில்லை.

பதில் 2 (வழக்கறிஞர், ஈரோடு):
கன்னியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள் நான். அங்கே கற்ற ஒழுங்குக்கு இன்றும் நன்றியுடையவள். ஆனால் சொத்துரிமையைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறந்ததில்லை. 1989ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அப்போது மணமாகாதிருந்த இந்து மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை அளித்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். அப்படியிருந்தும், 'சீர் செய்துவிட்டோமே' என்ற ஒரு சொல்லுக்காக தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் பெண்களைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அடிக்கடி காண்கிறேன். சமத்துவம் என்ற சொல்லை அங்கிருந்து தொடங்கினால் அது பிள்ளைகளின் மனத்தில் நிற்கும்.

சேவையையும் அவர்களுடைய படிப்பு பயன்படும் இடத்தில் வையுங்கள். தம் தாய்மாரின் வருங்கால வைப்புநிதி (பி.எஃப்.) விண்ணப்பத்தை நிரப்பலாம். அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரி செல்வோருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளதால், மாதம் 1,000 ரூபாய் பெற அக்காமாருக்கு உதவலாம். பஞ்சாலையில் மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' எத்தனை வீடுகளில் படிப்பை நிறுத்தியது என்று அவர்களின் தாய்மாருக்குத் தெரியும். அண்டை வீட்டில் சிறுமிக்குத் திருமணம் பேசினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் துணிவதும் சேவையே.

பதில் 3 (ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்):
இதைப் படித்த பின், தட்டைக் கழுவ என் மகனை எழுப்பினேன். பெண்கள் பள்ளியில் பேசுவது அண்ணன்மார் காதுக்கும் எட்ட வேண்டாமா? பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மாரை மட்டும் அழைக்காமல் எங்களையும் அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் பேசினேன். வரும் திங்கள்கிழமை முதல் வகுப்பறையைக் கூட்டும் முறைப்பட்டியலில் அவர் பெயரே முதலில் வருகிறது. அந்த மாணவியிடம் முகாமில் விண்ணப்பம் நிரப்பும் பொறுப்பை ஏற்கிறாயா என்று கேட்டேன். அம்மாவின் வைப்புநிதிப் புத்தகத்தை எடுத்து வரட்டுமா என்று திருப்பிக் கேட்டாள். வழக்கறிஞர் அம்மா, ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு வர இயலுமா?