பொறையார் வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

ரூபன் கேஎல்: காலையில் பார்க்காதவர்களுக்காக மறுபடி போடுகிறேன். அம்மா இன்று விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 86. அடக்க ஆராதனை நாளை காலை 10 மணி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம். இந்திய நேரம் ஏழரை.

ஹெலன்: அத்தான் 🙏 இப்போதுதான் பார்த்தேன். பேச முடியுமா?

ரூபன் கேஎல்: இரவு கூப்பிடு. வீடு நிறைய ஆள். இப்போது ஒரு உதவி வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு நான் வாசிக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்குள். தாத்தா எந்த வருஷம் மலாயா வந்தார்? அம்மா 1926 என்பார். அக்கா 1929 என்கிறாள்.

கிரேஸ் திருச்சி: ஞானமணி அக்கா போய்விட்டாரா 😭 போன ஞாயிறுதான் வீடியோவில் வந்து என் முடியைப் பார்த்துச் சிரித்தார்

ஆல்பர்ட் சார்ஜா: RIP பெரியம்மா என்று அடித்தேன், ஆங்கிலம் வேண்டாம் என்று அழித்துவிட்டேன். கோபித்துக்கொள்வார்.

சாமுவேல் பொறையார்: ரூபா, திடமாக இரு. குறிப்பை வருஷத்தில் தொடங்காதே. நம் குடும்பம் அங்கே எப்படி வந்தது என்பது சபைக்குத் தெரிய வேண்டும். 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் சோபியா ஹெட்விக் கப்பலில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மறு வருஷம் மே மாதம் முதல் ஞானஸ்நானம். 1718இல் புதிய எருசலேம் ஆலயப் பிரதிஷ்டை...

ஆல்பர்ட் சார்ஜா: மாமா கப்பல் ஏறிட்டார்

ஹெலன்: அப்பா, நீங்கள் 1706இலிருந்து நடந்து வருவதற்குள் அடக்கமே முடிந்துவிடும்.

சாமுவேல் பொறையார்: சிரிக்க வேண்டியதுதான். எனக்கு அடுத்து இதைச் சொல்ல ஆள் இல்லை. மற்ற ஊர்களில் மிஷனரி போய்ச் சபை வைத்தான். மலாயாவுக்கு நம் ஆள் ரயில்வே கிளார்க்காகப் போனான், டிரங்குப் பெட்டியில் ஞானப்பாட்டுப் புத்தகம் இருந்தது, சபை உண்டாயிற்று. 1907இல் கோலாலம்பூரில் முதல் தமிழ் லுத்தரன் சபை. அப்போது இங்கே நமக்கே தனித் திருச்சபை கிடையாது, எல்லாம் ஜெர்மனியின் லீப்சிக் மிஷன். முதல் உலகப் போரில் இங்கிலீஷ் சர்க்கார் ஜெர்மன் ஐயர்மாரை (போதகர்களை) அனுப்பிவிட்டது, ஸ்வீடன்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். 1919 ஜனவரியில்தான் நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, டிஇஎல்சி. 1924இல் பிரிக்பீல்ட்ஸில் ஆலயமே எழும்பிவிட்டது. இதைக் கட்டாயம் போடு.

ரூபன் கேஎல்: சரி மாமா. தாத்தா வந்த வருஷம்?

சாமுவேல் பொறையார்: அது வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பெரியப்பா கையெழுத்து. கப்பல் ஏறிய தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி, எல்லாம். அது கிரேஸிடம்.

கிரேஸ் திருச்சி: என்னிடமா?? வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நீங்கள்தானே அண்ணா துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தீர்கள்

சாமுவேல் பொறையார்: பரணிலிருந்து நீ எடுத்துப் போனாய். கூடவே அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கும் போனது.

கிரேஸ் திருச்சி: குத்துவிளக்கை இன்றைக்கு எதற்கு இழுக்கிறீர்கள். நான் தோப்பைப் பற்றி வாயைத் திறந்தேனா?

ஜெயசீலன்: தோப்பு வேண்டாம். ப்ளீஸ்.

ரூபன் கேஎல்: அம்மாவும் தோப்பைக் கேட்டதில்லை சித்தி. தாத்தா அனுப்பிய பணத்தில் வாங்கியது என்று மட்டும் சொல்வார்.

ஜெயசீலன்: 🤐

ஹெலன்: அத்தான், வருஷம் தெரியாவிட்டால் ‘1920களில்’ என்று போடுங்கள். அத்தையைப் பற்றி எழுதுங்கள். நூறு குவார்ட்டர்ஸில் பிறந்தவர்தானே?

ரூபன் கேஎல்: ஆமாம், ரோசாரியோ தெரு. அரசு ஊழியர்களுக்காக 1905இல் கட்டிய வரிசை வீடு. இப்போது அந்த இடமே தெரியாது. ஜப்பான் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர், சாகும்வரை கிழங்கைத் தொடவில்லை.

ஆல்பர்ட் சார்ஜா: எனக்கு மட்டும் வந்தபோதெல்லாம் கிழங்கு கேக் செய்து கொடுத்தாரே

ரூபன் கேஎல்: உனக்குத்தானே. அவர் சாப்பிட்டாரா?

சாமுவேல் பொறையார்: அறுபதுகளில் அங்கே உள்ள சபை தரங்கம்பாடியிடமிருந்து பிரிந்து தனித் திருச்சபை ஆனதை எழுது. நாம் பெற்ற பிள்ளை தனிக்குடித்தனம் போன மாதிரி. ஆனால் இங்கிருந்து ஐயர் போனதும், ஸ்வீடன்காரர் உதவியதும்...

ரூபன் கேஎல்: மாமா, கோபிக்க வேண்டாம். அதையெல்லாம் ஐயர் சொல்வார். அம்மாவுக்குச் சபை என்றால் அந்த வரலாறு அல்ல. வாலிபத்தில் அவருக்கும் அது ‘நம்ம தமிழாட்கள்’ கூடுகிற இடம், அவ்வளவுதான். பொறையாரா, தஞ்சாவூரா என்று கேட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார்கள். அப்புறம் இங்குள்ள பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கம்பங்களுக்கு (கிராமங்களுக்கு) ஊழியம் தொடங்கியது. முதலில் அம்மாவுக்கே பிடிக்கவில்லை. காட்டுப் பாதையில் வேன் போய்ச் சேற்றில் சிக்கும், நமக்கு ஏன் இது என்பார்.

கிரேஸ் திருச்சி: அக்கா அப்படிச் சொல்லியிருப்பார் 😄

ரூபன் கேஎல்: ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆள் குறைகிறது என்று சமைக்கப் போனார். நெத்திலி சம்பால் ஒரு வாளி. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இன்று அவருடைய ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். பின் அட்டையில் பரமண்டல ஜெபத்தை மலாயில், ஆனால் தமிழ் எழுத்தில், பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறார். ‘பாப்பா காமி’ என்று, ‘எங்கள் பிதாவே’. மூச்சு விட வேண்டிய இடத்தில் சின்னக் கோடு.

ஹெலன்: அத்தான், இதைத்தான் வாசிக்க வேண்டும்.

சாமுவேல் பொறையார்: போட்டோ எடுத்து அனுப்பு.

ரூபன் கேஎல்: 📷

சாமுவேல் பொறையார்: அக்கா கையெழுத்தேதான். ‘ழ’வைப் பார், எங்கள் அப்பா மாதிரியே.

ஜெயசீலன்: இப்போது எத்தனை சபை அங்கே?

ரூபன் கேஎல்: இருபதுக்குப் பக்கம். தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம். போர்னியோவில் சபா மாநிலத்துப் பேசல் (Basel) மிஷன் சபை சீன ஹக்கா மக்களுடையது, அது வேறு அமைப்பு. 1882இலேயே தொடங்கியது.

சாமுவேல் பொறையார்: நமக்கும் முன்னாலா?

ஆல்பர்ட் சார்ஜா: மாமாவுக்கு இன்று தூக்கம் போச்சு

கிரேஸ் திருச்சி: யாராவது ஒருவர் போக வேண்டாமா? நம் பக்கத்து ஆள் இல்லாமல் எப்படி. பாட்டி அடக்கத்துக்கு அவர்கள் வரவில்லை என்று அண்ணன் இருபது வருஷம் சொன்னாரே

சாமுவேல் பொறையார்: அது வேறு விஷயம்.

ரூபன் கேஎல்: அன்றைக்கு அம்மாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை மாமா. நான் அப்போது ஸ்கூல் பையன், ஏர்போர்ட்டில் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

சாமுவேல் பொறையார்: ம்.

ஜெயசீலன்: நாளைக் காலைக்குள் யாரும் போய்ச் சேர முடியாது. எட்டாம் நாள் ஜெபத்துக்குப் பார்க்கலாம். என் பாஸ்போர்ட் முடிந்துவிட்டது.

ஹெலன்: அப்பாவுடையது இருக்கிறது. மூட்டு வலிதான்.

சாமுவேல் பொறையார்: மூட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? விலை பார்.

ஆல்பர்ட் சார்ஜா: திருச்சியிலிருந்து நேர் ஃபிளைட் இருக்கு. அம்மாவும் போகலாம்.

கிரேஸ் திருச்சி: நானா, அண்ணனோடு ஒரே ஃபிளைட்டிலா?

ரூபன் கேஎல்: இருவரும் வாருங்கள். தனித்தனி அறை தருகிறேன்.

கிரேஸ் திருச்சி: நாளை பீரோ மேலே பார்க்கிறேன். வேதாகமம் இருந்தால் முதல் பக்கம் மட்டும் போட்டோ. புத்தகம் தரமாட்டேன்.

சாமுவேல் பொறையார்: அப்படியானால் உன்னிடம்தான் இருக்கிறது.

கிரேஸ் திருச்சி: ‘இருந்தால்’ என்றேன்

ரூபன் கேஎல்: ‘1920களில்’ என்றே எழுதிவிட்டேன். நேரலை லிங்க் காலையில் போடுகிறேன்.

சாமுவேல் பொறையார்: 🎤 வாய்ஸ் மெசேஜ் (11:42)

ஹெலன்: அப்பா, பதினொரு நிமிடமா?

ஆல்பர்ட் சார்ஜா: நான் கேட்டுவிட்டேன். ஏழாவது நிமிடம்வரை தரங்கம்பாடி. அப்புறம் அழுகிறார்.