எனம் எண்ணாகவே இருக்கலாமா, தனி டைப்பாக வேண்டுமா?

பாம்பன்காரன்:
சொந்தமாக ஒரு சின்ன நிரல் மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போது எனம் (enum: ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகளைப் பெயர்களாகப் பட்டியலிடும் டைப், அதாவது தரவு வகை) சேர்க்க வேண்டும். சி மொழியில் போல பெயர்களுக்கு 0, 1, 2 என்று எண் கொடுத்துவிட்டால் கம்பைலரில் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளில்) வேலை குறைவு. சோதனைக்கு எடுத்திருப்பது நம் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, 1 முதல் 11 வரை. கூண்டு >= 5 என்றால் அபாயம் என்று காட்ட வேண்டும். எண்ணாகவே விடலாமா?

கீழக்கரை_கோடர்:
விடாதீங்க அண்ணே. உங்கள் உதாரணமே அதற்குக் காரணம். 5, 6, 7 மூன்றுமே அபாயம்தான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், இல்லை நேராக மேலேயே கடக்குமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10ம் அப்படியே, பெரிய அபாயத்துக்கு. 11 என்பது 10ஐ விடப் பெரிய புயலே இல்லை, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இங்கே வானிலை மோசமாகலாம் என்று அர்த்தம். அப்புறம் 7 > 5 என்பதற்கு என்ன பொருள்? சி மொழியில் கூண்டு மாறியில் 37ஐப் போட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது. சி++இல் 2011இல் எனம் கிளாஸ் வந்ததற்கு ஒரு காரணமே, எனம் தானாக இன்டாக (முழு எண்ணாக) மாறுவதை நிறுத்துவதுதான். சமமா இல்லையா என்று மட்டும் கேட்க விடுங்கள், வரிசை (எது பெரிது, எது சிறிது என்ற ஒப்பீடு) வேண்டுமென்றால் எனத்தை எழுதுபவர் கேட்டு வாங்கட்டும்.

தொண்டி_கரை:
அதோடு, கோப்பில் சேமிக்கிற எண்ணை வெளிப்படையாக எழுத வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது நடுவில் ஒரு பெயரைச் செருகியதும் பழைய தரவெல்லாம் தப்பாகப் படிக்கும். ரஸ்ட் மொழி போல மேட்ச்சில் (ஒவ்வொரு பெயருக்கும் என்ன செய்வது என்று பிரித்து எழுதும் இடத்தில்) ஒரு பெயர் விட்டுப்போனால் பிழை காட்டுவது நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: நூலகத்தில் புதுப் பெயர் சேர்ந்தால் பெயர் பெயராக மேட்ச் எழுதியவர்களின் நிரல் உடையும். பாஸ்கல் மொழியை உருவாக்கி அதில் எனம் கொடுத்த நிக்லாஸ் விர்த், பிறகு தன் ஓபரான் மொழியில் அதை எடுத்தே விட்டார், ஒரு மாட்யூலின் (நிரலின் தனிப் பகுதியின்) எனத்தை இன்னொரு மாட்யூலிலிருந்து நீட்ட முடியாது என்பதால். ரஸ்டில் 'இன்னும் பெயர்கள் வரலாம்' என்று நூலகம் எழுதியவரே குறிக்க வழி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்காரன்:
சரி, ஒப்பீட்டைத் தூக்கிவிடுகிறேன். அபாயம்(இடது), அபாயம்(வலது), அபாயம்(நேர்) என்று பெயரோடு தரவும் சுமக்க விட்டால், >= 5 எழுத வேண்டிய தேவையே போகிறது. கேட்டு வாங்கும் வரிசைக்கு, டைப் அறிவிப்பிலேயே ஒரு சொல் போதுமா, தனி ஃபங்ஷன் எழுத வைக்கவா?

கீழக்கரை_கோடர்:
அறிவிப்பிலேயே வையுங்கள். படிக்கிறவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.