உரத்தை நிறுத்தினால் ஏழை நாடுகள் தாங்குமா? நம்ம செம்மண்ணிலும் இதே கேள்விதான்

தேவகோட்டைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கிறது, மழையை நம்பித்தான் நெல். என் அண்ணன் ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அங்கே மூன்று வேளையும் மக்காச்சோள மாவுக் களிதான், 2024-ல் மழை பொய்த்தபோது 23 மாவட்டங்களைப் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள், களிக்கு மாவு வாங்க வழியில்லாமல் கடை வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்குக் குரலே மாறிவிட்டது. இயற்கை விவசாயத்துக்கு மாறினால் இந்த மாதிரி ஏழை நாடுகளுக்கு விடிவு வரும் என்று நான் சொன்னேன். அப்பா குறுக்கே வந்து, "இலங்கையில் என்ன ஆச்சு தெரியுமா" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:
தம்பி, அப்பா கேட்டது நியாயமான கேள்வி. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரிலேயே பின்வாங்கினார்கள், அதற்குள் நெல் விளைச்சல் விழுந்து வெளியிலிருந்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று. பல வருஷம் யூரியாவில் பழகிய மண்ணுக்கு ஒரே போகத்தில் அதை நிறுத்தினால் பயிர் வெளுத்துத்தான் போகும். நாடு முழுக்கப் போடுகிற அளவுக்குத் தொழு உரம் எங்கே இருக்கிறது? முதலில் மண்ணைத் தேற்ற வேண்டும், உரத்தைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும்.

அதைவிட முக்கியம், வானம் பார்த்த பூமியில் எல்லாமே தண்ணீரில்தான் தொடங்குகிறது. நம்ம முன்னோர் கண்மாயும் ஊருணியும் வெட்டிவிட்டுத்தான் ஏர் பூட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோவில் யக்கூபா சவடோகோ என்று ஒரு விவசாயி இருந்தார், 2023-ல் காலமானார். 1980-களின் வறட்சியில் ஊர்க்காரர்கள் நிலத்தை விட்டுக் கிளம்பியபோது, இவர் கோடையிலேயே கல்லாக இறுகிய தரையில் ஒரு சாண் அளவுக்குக் குழி குழியாக வெட்டி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எருவைப் போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கறையான் வரும், அது துளைத்த வழியே முதல் மழை உள்ளே இறங்கும், அந்தக் குழியில்தான் சோளமும் கம்பும் விதைப்பு. மண்வெட்டியும் உடம்பு உழைப்பும் இருந்தால் போதும். நம்ம புழுதி விதைப்பும் இதே கணக்குதானே, மழைக்கு முன்னாலேயே விதை மண்ணுக்குள் காத்திருக்கிறது.

செம்பூரான்:
நான் மேற்குக் கென்யாவில் நாலு வருஷம் இருந்தேன். அங்கே மக்காச்சோளத்துக்கு ரெண்டு எமன், ஒன்று தண்டுத்துளைப்பான் என்கிற அந்துப்பூச்சிப் புழு, இன்னொன்று வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களை. நைரோபியில் உள்ள பூச்சியியல் ஆய்வு மையம் இசிபே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியம் வாடை அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், டெஸ்மோடியத்தின் வேர் சுடுமல்லியை அடக்கும். ரெண்டுமே மாட்டுக்குத் தீவனம் என்பதால் பாலும் கிடைக்கிறது. ஆனால் முதல் வருஷம் களை எடுப்பது முதுகை ஒடிக்கிற வேலை, டெஸ்மோடியம் விதையும் லேசில் கிடைக்காது. எனக்குத் தெரிந்த ரெண்டு பேர் அதனாலேயே பாதியில் விட்டுவிட்டார்கள்.

பள்ளத்தூர் அக்கா:
விளைச்சலைப் பற்றியே பேசுகிறீர்களே, விளைந்ததை வண்டு தின்றால்? எங்கள் அப்பத்தா விதை நெல்லைக் குதிரில் கொட்டும்போது நொச்சி இலையும் வேப்பிலையும் அடுக்கு அடுக்காகப் போடுவார்கள், துவரையைச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டப்பயறுக்கு மூன்றடுக்குப் பை வந்திருக்கிறது. சாக்குக்குள்ளே ரெண்டு பிளாஸ்டிக் உறை, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் வண்டு மூச்சுமுட்டிச் செத்துவிடும், மருந்தே வேண்டாம். பயறு கெடாது என்றால் அறுவடை அன்றே அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை பாருங்கள், பசிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

தேவகோட்டைத் தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. மலாவிக்குப் பொருந்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

கண்மாய்க்கரை:
இருக்கிறது. ஃபைதர்பியா என்று ஒரு மரம், நம்ம கருவேலத்துக்குச் சொந்தம். மற்ற மரமெல்லாம் தழைக்கிற மழைக்காலத்தில் இது இலையைக் கொட்டிவிடும். அதனால் அடியில் விதைத்த மக்காச்சோளத்துக்கு நிழல் தட்டாது, உதிர்ந்த இலை தழைச்சத்தாகிறது. அப்புறம் துவரை ஊடுபயிர். தெற்கு மலாவியில் அதை நிறையப் போடுகிறார்கள், நம்ம நாட்டுக்கே ஏற்றுமதி ஆகிறது. 2017-ல் இங்கே இறக்குமதிக்கு அளவு வைத்ததும் அங்கே விலை சரிந்தது. மண்ணைத் தேற்றிய விவசாயியைச் சந்தை கவிழ்த்துவிட்டது, எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

உன் நிலத்துக்கு வருவோம். அப்பாவோடு சண்டை போடாதே, இருபது சென்ட் மட்டும் கேள். கோடையில் கண்மாய் வண்டல் எடுக்க முறையாக அனுமதி வாங்கி அதில் அடி, ஆடு மாடு ரெண்டு நாள் கிடை போடட்டும், மீதி நிலத்தில் அவர் வழக்கப்படியே செய்யட்டும். ஆவணிக் கடைசியில் என் வீட்டுக்கு வா, சித்திரைக்கார் என்ற நாட்டு ரக விதை நெல் மூன்று மரக்கால் தருகிறேன். காசு வேண்டாம், தை அறுப்பில் அளந்து திருப்பிக் கொடு.