பதிவு எண் இல்லாத எங்கள் மூத்தோர் குழுவுக்குச் சமூக அறக்கட்டளை உதவுமா?

ஸ்காபரோ வாசகி:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் உயர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் உள்ள தமிழ் முதியோர் நான்கு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் அங்கே கூடுகிறார்கள். இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். கதிரையில் இருந்தபடியே செய்யக்கூடிய உடற்பயிற்சியை ஒருவர் சொல்லிக்கொடுப்பார். தேநீர் குடித்து முடிந்ததும் அவரவர் கைப்பைக்குள் நான்காக மடித்துக் கொண்டுவந்த கடிதங்கள் வெளியே வரும். மின்கட்டணம், ஓய்வூதியம், மருத்துவமனை நியமனம் என எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை வாசித்து விளக்குவதுதான் எங்களுடைய உண்மையான வேலை என்று இப்போது எனக்குப் படுகிறது. சென்ற மாசி மாதம் ஓர் அம்மா கொண்டுவந்த கடிதத்தில் அவருடைய கண் சத்திரசிகிச்சைக்கான நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாள் கடந்து ஒன்பது நாட்களாகிவிட்டன. அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தாராம்.

மாதம் 150 டொலர் வரை வரும் செலவை நாங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம், அதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் எவருக்காவது காயமோ சேதமோ நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்புறுதி இல்லாத குழுவுக்கு இனிமேல் மண்டபம் தர முடியாது என்று கட்டட நிர்வாகம் அறிவித்துவிட்டது. சமூக அறக்கட்டளையைக் கேட்டுப்பாருங்கள் என்று நூலகத்தில் ஒருவர் சொன்னார். அது அரசாங்கத்தின் நிறுவனமா, ஆண்டுதோறும் பணம் திரட்டும் யுனைட்டட் வே போன்றதா, தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்து எண் பெறாத எங்களைப் போன்ற குழு அங்கே போய் நிற்கலாமா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

கணக்கேடு:

வணக்கம் சகோதரி. ஓய்வு பெறும்வரை தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சமூக அறக்கட்டளை அரசாங்கத்தின் நிறுவனம் அன்று. ஓர் ஊரில் வாழ்ந்து பொருள் ஈட்டியவர்கள் அந்த ஊருக்கென்று விட்டுச்செல்லும் பணத்தை ஒன்றாகத் திரட்டி, முதலைத் தொடாமல் முதலீடு செய்து, வரும் ஆதாயத்திலிருந்து ஆண்டுதோறும் மானியம் வழங்கும் தொண்டு நிறுவனம் அது. இந்த முறையை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் தொடங்கினார். இறந்தவர்கள் எழுதிவைத்த தருமங்களின் நோக்கம் காலப்போக்கில் பொருந்தாமல் போய்ப் பணம் பயனின்றி முடங்கிக் கிடப்பதை அவர் தம் தொழிலில் கண்டிருந்தார். ஊரின் தேவை மாறும்போது பணத்தின் பயனையும் மாற்றிக்கொள்ளும் உரிமையை ஊரவர் குழு ஒன்றிடம் ஒப்படைப்பதே அவர் கண்ட வழி. கனடாவில் முதலாவது 1921இல் வின்னிபெக்கில் உருவானது. வில்லியம் அலோவே என்ற வங்கியாளர் அதற்கு 100,000 டொலர் கொடுத்தார். இன்று இந்த நாட்டில் 200க்கு மேற்பட்ட சமூக அறக்கட்டளைகள் உள்ளன.

முதலைத் தொடாத தருமம் நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். கிழடு கழிய, குட்டி வளர, எண்ணிக்கை மட்டும் குறையாமல் நிற்கும் அந்த மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ரொறன்ரோவிலோ வின்னிபெக்கிலோ அறக்கட்டளையின் முதலீட்டுக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதற்குக் கனடாச் சட்டத்திலும் ஓர் அளவு இருக்கிறது. 2023 தை (ஜனவரி) 1ஆம் நாள் முதல், தொண்டு நிறுவனம் தன் நேரடிப் பணிக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் சொத்தில் பத்து இலட்சம் டொலர் வரையிலான பகுதிக்கு 3.5 வீதமும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 5 வீதமும் ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிடப்பட வேண்டும்.

யுனைட்டட் வே ஆண்டுதோறும் மக்களிடம் திரட்டுவதைச் சமூக சேவை அமைப்புகளுக்குப் பகிர்வது. ஒன்ராறியோ ட்ரிலியம் அறக்கட்டளை, பெயரில் அறக்கட்டளை என்று இருந்தாலும் மாகாண அரசின் முகவரகம். மூன்று இடத்திலும் கேட்கலாம், ஆனால் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

பதிவு எண் பற்றிக் கேட்டீர்கள். நீண்ட காலமாக, வருமான வரிச் சட்டத்தின்படி மானியம் பெறும் தகுதி பெரும்பாலும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கே இருந்தது. 2022 ஆனியில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பதிவு இல்லாத குழுவுக்கும் தொண்டு நிறுவனம் மானியம் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பணம் அறப்பணிக்கே செலவானது என்பதை உறுதிசெய்து ஆவணம் வைத்திருக்கும் பொறுப்பு கொடுப்பவரைச் சாரும். அந்தப் பொறுப்பை ஏற்க எல்லா அறக்கட்டளைகளும் இன்னும் முன்வருவதில்லை. ஆகவே பதிவுபெற்ற ஓர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்டும் பழைய வழியே உங்களுக்கு எளிது. இங்கே அதை ‘டிரஸ்டி’ அமைப்பு என்பார்கள். எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். நிர்வாகச் செலவுக்கு மானியத்தில் ஒரு சிறு பங்கை அவர்கள் எடுப்பது வழக்கம், அது எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரை:

வன்கூவரிலிருந்து எழுதுகிறேன். கணக்கேடு ஐயா அமைப்புகளைப் பற்றி எழுதிவிட்டார். குடியிருப்பாளர்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் உதவியைப் பற்றி நான் சொல்கிறேன்.

வன்கூவர் அறக்கட்டளை 1943இல் தொடங்கியபோது அதன் வித்து ஒரு செல்வந்தரின் பணம் அன்று. அலிஸ் மக்கே என்ற பெண் செயலாளராக வேலை பார்த்துச் சேமித்த 1,000 டொலரை, வீடின்றி வறுமையில் உழன்ற பெண்களுக்காகக் கொடுக்க விரும்பினார். மர வணிகரான வான்டியூசனும் நண்பர்களும் அதனோடு ஓர் இலட்சம் டொலரைச் சேர்த்தார்கள். அந்த அறக்கட்டளை 1999 முதல் அயலவர்களுக்கான சிறு மானியத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 500 டொலர் வரை கிடைக்கும். அமைப்பு வேண்டாம், பதிவு எண் வேண்டாம், ஓர் அயலில் வாழும் மனிதராக இருந்தால் போதும். யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த அயலில் வாழ்பவர்களைக் கொண்ட குழுவே முடிவு செய்கிறது.

நான் ஒருமுறை அந்த மானியத்தைப் பெற்றேன். எங்கள் கட்டடத்தின் பின்புறம் கிடந்த வெற்று நிலத்தில் ஆறு மரப்பெட்டிகளை அமைத்து மண் நிரப்பினோம். முதல் கோடையில் வெண்டி சரியாகக் காய்க்கவில்லை, இங்குள்ள குளிர் அதற்கு ஒத்துவரவில்லை. முளைக்கீரை மட்டும் அள்ள அள்ள வந்தது. அதுவரை மின்தூக்கியில் தலையசைப்பதோடு நின்றுவிட்ட ஒரு பிலிப்பினோ முதியவர், தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல் கட்டும் முறையைக் காட்டித்தர வந்தார். பிறகு நாங்கள் ஊருக்குப் போயிருந்த ஆறு வாரமும் அவரே தண்ணீர் ஊற்றினார். 500 டொலருக்குப் பலகையும் மண்ணும் வந்தன, அவருடைய தோழமைக்கு நான் விலை போட மாட்டேன். வாசகி அக்கா, அதே திட்டம் எங்கள் மேற்குக் கரைப் பகுதிக்கு உரியது. ஆனாலும் உங்கள் பகுதியில் அயலவர்களுக்கான சிறு மானியம் எதுவும் உண்டா என்று அறக்கட்டளையையும் நகரசபையையும் முதலில் கேளுங்கள். பெரிய விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வடலி:

மற்றவர்கள் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார்கள். எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவைப்பது கடமை என்று நினைக்கிறேன். ஒன்ராறியோவின் வேறொரு நகரில் இளைஞர்களுக்கான மாலைநேர வகுப்புக்காக ஓர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தோம். பதினான்கு பக்கம். மூன்று வார இரவுகளை அதற்குக் கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது, காரணம் சொல்லப்படவில்லை. தொலைபேசியில் கேட்டபோதும் விண்ணப்பங்கள் மிகுதி என்பதே பதில். ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கும், சம்பளம் கொடுத்து எழுத ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுக்கும் சாதகமாகவே இந்த முறை அமைந்திருக்கிறது என்ற மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை. நமது மக்களின் பணமும் அந்த நிதியங்களில் சேர்கிறது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

குழுவில் இருந்தவள்:

வடலி அவர்களின் குறை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நான் ஒரு நடுத்தர நகரின் அறக்கட்டளையில் மூன்று ஆண்டுகள் தன்னார்வ மதிப்பீட்டாளராக இருந்தேன். ஒரே சுற்றில் என் மேசைக்கு மட்டும் முப்பது விண்ணப்பங்கள் வந்தன. வார இறுதியில் சமையலறை மேசையில் வைத்து வாசித்த எனக்குத் தெளிவானது என்னவென்றால், “எங்கள் சமூகத்தின் முதியோர் தனிமையால் வாடுகிறார்கள்” என்று தொடங்கிய விண்ணப்பங்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிய முடியவில்லை. அவை பொய் அல்ல. ஆனால் யார், எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அவற்றில் இல்லை. சிறு குழு ஒன்று, வருகைப் பதிவுக் கொப்பியின் ஒரு பக்கத்தை அப்படியே படமெடுத்து இணைத்திருந்தது. கையெழுத்துகளில் இரண்டு நடுங்கியிருந்தன. ஒரு பெயருக்கு எதிரே “மருத்துவமனையில்” என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலம் பிழையாக இருந்த அந்த விண்ணப்பத்துக்கு எங்கள் குழுவில் ஐந்து பேரும் இசைந்தோம்.

ஆகவே வாசகி அக்கா, அந்தக் கண் சத்திரசிகிச்சைக் கடிதத்தைப் பற்றி இங்கே எழுதியபடியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். எத்தனை கடிதங்கள் வாசிக்கப்பட்டன என்று இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். உங்கள் நகரின் நிலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வைட்டல் சைன்ஸ்’ (Vital Signs), அதாவது ‘உயிர்க்குறிகள்’ என்ற பொருள்படும் பெயருடைய அறிக்கையைப் பாருங்கள். ரொறன்ரோவின் சமூக அறக்கட்டளை 2001இல் அதைத் தொடங்கியது, பிறகு வேறு பல ஊர்களும் பின்பற்றின. வீட்டு வாடகை, வருமானம், தனிமை போன்றவை பற்றிய தரவுகளை அறக்கட்டளையே தொகுத்து வெளியிடுகிறது. அவர்களுடைய தரவையே எடுத்து, எங்கள் கட்டடத்தில் அது இப்படித் தெரிகிறது என்று காட்டினால் வாசிப்பவருக்கு வேலை எளிதாகும்.

இன்னொன்று. மானியம் கொடுப்பது அறக்கட்டளையின் வேலைகளில் ஒன்றுதான். யாரிடம் மண்டபம் இருக்கிறது, எந்த அமைப்பு உங்களைப் போன்றோரைத் தன் குடையின் கீழ் சேர்த்துக்கொள்ளும், எந்த நன்கொடையாளர் முதியோர் பணியில் அக்கறை உள்ளவர் என்பதெல்லாம் அங்குள்ள மானிய அலுவலருக்குத் தெரியும். பெருந்தொற்றின்போது 2020இல் கூட்டாட்சி அரசு 350 மில்லியன் டொலரை ஊர்தோறும் உள்ள தொண்டு அமைப்புகளுக்குச் சேர்க்க வேண்டியிருந்தபோது, சமூக அறக்கட்டளைகள், யுனைட்டட் வே, செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றின் வழியாகவே கொடுத்தது. ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். விண்ணப்பம் எழுதும் முன்பு அந்த அலுவலரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். வடலி அவர்களே, பதினான்கு பக்கம் எழுதுமுன் உங்களிடம் அப்படி யாராவது பேசியிருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது. பேசாமல் விட்டது அவர்களுடைய தவறு.

ஸ்காபரோ வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொப்பி வாங்கிவிட்டேன், இந்தச் செவ்வாய் பதினொரு கடிதங்கள். கணக்கேடு ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். காப்புறுதி இல்லாமல் வரும் மாதமே மண்டபம் போய்விடும், மானியமோ பல மாதம் எடுக்கும். இடைப்பட்ட காலத்துக்கு என்ன செய்வது?

கணக்கேடு:

சகோதரி, உங்களுக்கு டிரஸ்டியாக வர இசையும் அமைப்பிடம் பொறுப்புக் காப்புறுதி அநேகமாக ஏற்கனவே இருக்கும். உங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தங்கள் நிகழ்ச்சிகளில் ஒன்றாக அவர்கள் ஏற்றுக்கொண்டால், கட்டட நிர்வாகத்தின் பெயரையும் சேர்த்து ஒரு சான்றிதழ் தரும்படி அவர்களுடைய காப்புறுதி முகவரிடம் கேட்கலாம். நான் பார்த்த குழுக்களில் இது சில நாட்களில் முடிந்த வேலை, அதற்கு மானியம் தேவைப்படவில்லை. கனடா வருவாய் முகவரகத்தின் தளத்தில் ஒவ்வொரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும், ரி3010 என்ற படிவமாக, எவரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு அருகில் முதியோர் பணி செய்யும் நிறுவனங்களை அதில் தேடி, மூன்றைத் தெரிவு செய்யுங்கள். திங்கட்கிழமை முதலாவதை அழையுங்கள். அழைக்கும்போது கொப்பி கையில் இருக்கட்டும்.